முகப்பில் ஒரு பெயர், திரையில் வேறொரு பெயர்: ஓர் ஆன்டிஜிட்டல் பெட்டியைப் பழுதுபார்த்த கதை

வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், சென்ற கோடையில் தமது வீட்டுப் பரணைக் காலிசெய்தபோது, கழிவுக் கிடங்குக்குப் போகவிருந்த சாமான்களிலிருந்து ஒரு பழைய செட் டாப் பாக்ஸை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதன் முகப்பில் ‘ஆன்டிஜிட்டல்’ என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெயரில் ‘ஆன்’ என்பதற்குரிய இரண்டு ஆங்கில எழுத்துகள் பெரியவையாகவும், ‘டிஜிட்டல்’ என்பது சிறிய எழுத்துகளாகவும் இருக்கும். 1998 நவம்பர் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கி 2002 மே 1 அன்று நின்றுபோன, வீட்டு ஆண்டெனா வழியே வந்த பிரிட்டிஷ் கட்டணத் தொலைக்காட்சிச் சேவை அது; மூன்றரை ஆண்டுகூட முழுதாக நிறையவில்லை. அதன் திரைச் சின்னத்தைக் காட்டும் படங்களில் நான் பார்த்தவையெல்லாம் விஎச்எஸ் நாடாவில் பதிவானவை. நிறம் கசிந்து, விளிம்பு மழுங்கியவை. ஆனால் சின்னம் பெட்டிக்குள்ளேயே, அதன் நினைவகச் சில்லில், ஒரு கோப்பாக இருந்தாக வேண்டும். பெட்டியை உயிர்ப்பித்து அந்தக் கோப்பை எடுத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்; ஆறு ஆயிற்று.

மின்சாரம் கொடுத்ததும் முகப்பிலிருந்த சிவப்பு விளக்கு மங்கலாகத் துடித்தது. உள்ளிருந்து பல்லி கத்துவதுபோல் ‘டிக், டிக்’ என்று ஒரே சீரான ஒலி வந்தது. ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை தொடங்க முயன்று, முடியாமல் அணைந்து, மீண்டும் முயலும்போது எழுகிற ஓசை இது. மூடியைத் திறப்பதற்கு முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். ஆனாலும் முதன்மைப் பக்கத்திலிருந்த 400 வோல்ட் கெப்பாசிட்டரில் மல்டிமீட்டர் 180 வோல்ட் காட்டியது. இங்குள்ள 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னாக்கினால் அந்தக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே பிடித்து மின்னேற்றத்தை வடித்த பிறகே போர்டில் விரல் வைத்தேன். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு படியை மட்டும் எக்காரணத்தாலும் தாண்டிவிடக் கூடாது.

இரண்டாம் பக்கத்தில் மூன்று கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன: 1000 மைக்ரோஃபாரட் மதிப்பில் இரண்டு, 470 மதிப்பில் ஒன்று. குற்றவாளிகள் கிடைத்துவிட்டார்கள் என்ற மகிழ்ச்சியில் மூன்றையும் 105 பாகை வெப்பம் தாங்கும் புதியவற்றால் மாற்றினேன். அந்த அவசரத்தில் சால்டரிங் அயர்னை ஓரிடத்தில் அதிக நேரம் அழுத்தி, செப்புத் தடம் ஒன்றைப் போர்டிலிருந்து பெயர்த்துவிட்டேன். அதை மெல்லிய கம்பியால் ஒட்டுப்போட அரைநாள் போயிற்று. பிறகு மின்சாரம் கொடுத்தால் அதே ‘டிக், டிக்’. உண்மையான குற்றவாளி, பவர் சப்ளையின் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பக்கத்தில், வெப்பத்தைச் சிதறடிக்கும் தகட்டின் நிழலில் ஒளிந்திருந்த 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பார்வைக்குப் புத்தம் புதியதுபோல் இருந்த அதைக் கழற்றி அளந்தால் 4 மைக்ரோஃபாரட்தான் மிச்சமிருந்தது. அந்தச் சில்லு விழித்தெழுவதற்கு வேண்டிய முதல் மூச்சு அதிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சில பென்ஸ் விலையுள்ள அந்தப் பொருளை மாற்றியதும் சிவப்பு விளக்கு அசையாமல் நின்றது, 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் எல்லாம் அளவுக்குள் வந்தன.

படத்தைப் பிடிப்பதற்கு, எல்லா நிறங்களும் ஒரே கம்பியில் கலந்து வரும் கலவை வீடியோவைப் பயன்படுத்த நான் விரும்பவில்லை. எழுத்தின் ஓரங்களில் புள்ளிகள் எறும்புபோல் ஊரும். தொலைக்காட்சியோடு பெட்டியை இணைக்கும் பல முனைச் செருகியான ஸ்கார்ட் இணைப்பின் 15, 11, 7 ஆகிய முனைகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே வெளிவருகின்றன. 19ஆம் முனையில் வரும் வீடியோவிலிருந்து ஒத்திசைவுத் துடிப்பைப் பிரித்துக்கொள்ளலாம். 15.625 கிலோஹெர்ட்ஸ் வரி வேகத்தை ஏற்கும் மாற்றி ஒன்று என்னிடம் இருந்தது. அதன் வழியாகக் கணினியில் இணைத்து, பதிவைத் தொடங்கிவிட்டுப் பெட்டியை இயக்கினேன்.

திரையில் வந்த பெயர் ஆன்டிஜிட்டல் அல்ல, ஐடிவி டிஜிட்டல்.

ஒரு கணம் திகைத்துவிட்டு, பிறகு சிரித்தேன். இந்த நிறுவனத்தின் வரலாற்றையே பெட்டி தன் இரண்டு முகங்களிலும் வைத்திருந்தது. தொடக்கத்தில் பிரிட்டிஷ் டிஜிட்டல் பிராட்காஸ்டிங் என்ற பெயரில் கார்ல்டன், கிரானடா, பிஸ்கைபி ஆகிய மூன்றும் சேர்ந்து உரிமத்துக்கு விண்ணப்பித்தன. செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் ஏற்கெனவே கோலோச்சிய பிஸ்கைபி இதிலும் பங்குதாரராக இருப்பது போட்டிக்கு ஆகாது என்று ஒழுங்குமுறை ஆணையம் கருதியதால், 1997இல் அது விலக நேர்ந்தது. கூட்டாளியாக இருந்திருக்க வேண்டிய நிறுவனம் அதன்பின் போட்டியாளராக எதிரே நின்றது. 1998இல் புதிய சேவைக்கு ஆன்டிஜிட்டல் என்று பெயரிட்டார்கள். அதன் ஒளிபரப்பு தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்னதாக, அக்டோபர் 1 அன்று, ஸ்கை (பிஸ்கைபியின் சேவை) தன் டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. 1999இல் ஸ்கை பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் ஆன்டிஜிட்டலும் அவ்வாறே கொடுக்க வேண்டியதாயிற்று. ஐயாவின் பெட்டியும் அந்த ஆண்டில் சந்தாவுடன் வந்ததுதான். 2001 ஜூலையில், உரிமையாளர்களான கார்ல்டனும் கிரானடாவும் தங்கள் வசமிருந்த ஐடிவி என்ற பழகிய தொலைக்காட்சிப் பெயரைப் புதிய சேவைக்கும் சூட்டினர். வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி நெகிழி முகப்பை மாற்ற முடியாது. ஆனால் பெட்டியின் மென்பொருளை வான்வழியே, ஒளிபரப்பு அலையிலேயே அனுப்பிவிட முடியும். ஐயாவின் வரவேற்பறையில் ஏதோ ஓர் இரவில் அது நடந்திருக்கிறது: முகப்பு பழையதாகவே நிற்க, திரை மட்டும் பெயர் மாறிவிட்டது.

பெயர் மாற்றம் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. இரண்டாம் நிலைக் கால்பந்துப் போட்டிகளுக்காக ஃபுட்பால் லீக்குடன் மூன்றாண்டுகளுக்கு 315 மில்லியன் பவுண்டு ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனம், அதைச் செலுத்த இயலாமல் 2002 மார்ச் 27 அன்று, நொடித்த நிறுவனங்களைப் பொறுப்பேற்கும் நிர்வாகிகள் கைக்குப் போயிற்று. அதன் விளம்பரங்களில் நகைச்சுவை நடிகர் ஜானி வேகாஸுடன் வந்த பின்னல் குரங்குப் பொம்மையைத்தான் இங்குள்ளவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2007இல் அந்தக் குரங்கு ஒரு தேயிலை விளம்பரத்துக்குத் தாவிப் பிழைத்துக்கொண்டது. சின்னத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

புதிய பெயரின் படத்தைப் பதிவு செய்து முடித்த பிறகு, பெட்டியை ஏதேனும் ஓர் அலைவரிசையைக் காட்டச் செய்தால் தகவல் பட்டையிலும் பட்டியலிலும் பெயர் எப்படி வருகிறது என்று பார்க்கலாமே என்று தோன்றியது. வீட்டு ஆண்டெனாவை இணைத்துத் தேடவிட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. காரணம் தெரிந்ததுதான். டிஜிட்டல் ஒளிபரப்பைப் பல துணை அலைகளாகப் பிரித்து அனுப்ப 2கே, 8கே என்று இரு முறைகள் உண்டு. 1998இல் 8கே முறையைப் பிரிக்கும் சில்லுகள் ஆயத்தமாக இல்லாததால், பிரிட்டன் 2கே முறையில் ஒளிபரப்பைத் தொடங்கியது. 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 2கே முறையில் 1705 துணை அலைகளும் 8கே முறையில் 6817 துணை அலைகளும் நெருக்கி அடுக்கப்படுகின்றன. அனலாக் ஒளிபரப்பை அணைத்தபோது எல்லாக் கோபுரங்களும் 8கேக்கு மாறிவிட்டன; லண்டனின் கிரிஸ்டல் பாலஸ் கோபுரத்தில் அது 2012 ஏப்ரலில் நடந்தது. 2கே மட்டுமே தெரிந்த என் பெட்டிக்கு இன்று வானம் முழுக்க இரைச்சல்தான்.

ஆகவே மேசைமேல் நானே ஒரு நிலையம் அமைத்தேன். மென்பொருளால் இயங்கும் வானொலி அட்டை ஒன்றின் வெளியீட்டை, 30 டெசிபெல் குறைப்பான் வழியாக, நேரே பெட்டியின் ஆண்டெனாத் துளைக்குக் கம்பியால் இணைத்தேன். உரிமமில்லாமல் ஆண்டெனா வழியே வெளியே பரப்புவது குற்றமாகையால் எல்லாம் கம்பிக்குள்ளேயே. அன்று ஆன்டிஜிட்டல் பயன்படுத்திய அதே அளவுகளைக் கொடுத்தேன்: 2கே, 64 க்யூஏஎம் (ஒவ்வொரு துணை அலையிலும் 64 நிலைகளில் தகவலை ஏற்றும் முறை), 2/3 பிழைத்திருத்தம், 1/32 காப்பு இடைவெளி, விநாடிக்கு 24.13 மெகாபிட். இதற்கு அட்டை விநாடிக்கு 64/7 மில்லியன், அதாவது ஏறத்தாழ 9.14 மில்லியன் மாதிரிகளை இடைவிடாமல் தள்ள வேண்டும். என் பழைய மடிக்கணினி அதை உடனுக்குடன் கணக்கிட முடியாமல் திணறியது. 20 விநாடிக்கான அலையை முன்கூட்டியே கணக்கிட்டு, 366 மெகாபைட் கோப்பாக வைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். அப்போதும் பெட்டி ஏற்கவில்லை. பிரிட்டனின் தரைவழி ஒளிபரப்புக்குரிய வலையமைப்பு எண் 9018ஐ நான் அட்டவணையில் எழுதவில்லை என்பதை இரண்டு மாலைகளைத் தொலைத்த பிறகே கண்டுபிடித்தேன். அதை எழுதியதும் ‘சோதனை’ என்பதை ஆங்கில எழுத்துகளில் பெயராகக் கொண்ட ஓர் அலைவரிசை பட்டியலில் வந்து உட்கார்ந்தது; வண்ணப் பட்டைகள் திரையில் தெரிந்தன. 20 விநாடிக்கு ஒருமுறை, கோப்பின் முடிவும் தொடக்கமும் இணையும் இடத்தில், படம் ஒரு விக்கல் விக்கும். மற்றபடி நலம்.

இங்கே ஒரு பக்கக் கிளை. ஆன்டிஜிட்டல் வாடிக்கையாளர்கள் அன்று பெரிதும் முறையிட்டது, பக்கத்தில் மோட்டார் சைக்கிள் போனாலும் குளிர்சாதனப் பெட்டி இயங்கத் தொடங்கினாலும் படம் உறைந்துவிடுகிறது என்பதைத்தான். அனலாக் ஒளிபரப்பைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக டிஜிட்டல் கோபுரங்களின் ஆற்றலைக் குறைத்து வைத்திருந்தார்கள். 64 க்யூஏஎம் முறைக்கோ வலுவான அலை வேண்டும். மேலும் 2கே முறையில் ஒரு குறியீடு, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டு, நீடிப்பது 224 மைக்ரோவிநாடிதான். 8கே முறையில் 896. சிறு மின்பொறி ஒன்று எழுப்பும் இரைச்சல் குறுகிய குறியீட்டில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். நீண்ட குறியீட்டிலோ அது கரைந்துபோகும். குறைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து அலையைப் பெட்டி தாங்கும் விளிம்பு வரை இறக்கி, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் தெர்மோஸ்டாட் ‘கிளிக்’ என்று சொல்லும்வரை காத்திருந்தேன். சொன்ன மாத்திரத்தில் வண்ணப் பட்டைகள் சதுரம் சதுரமாகச் சிதறி, இரண்டு விநாடி உறைந்து, பிறகு மீண்டன. 2001இல் மாற்ற வேண்டியிருந்தது இதைத்தான் என்று எனக்குப் பட்டது. நிறுவனம் மூடிய பிறகு பிபிசியும், ஒளிபரப்புக் கோபுரங்களை நடத்திய கிரவுன் காஸிலும், பிஸ்கைபியும் சேர்ந்து அதே அலைவரிசைகளில் 2002 அக்டோபர் 30 அன்று ஃப்ரீவியூ என்ற கட்டணமில்லாச் சேவையைத் தொடங்கியபோது, பல அலைத்தொகுப்புகளை 16 க்யூஏஎம் முறைக்கு இறக்கினார்கள். கொள்ளளவு விநாடிக்கு 18.1 மெகாபிட்டாகக் குறைந்தாலும் படம் நிலைத்து நின்றது. பெயரை மாற்றச் சில கிலோபைட் போதும். கொள்ளளவை விட்டுக்கொடுக்கக் கட்டண நிறுவனத்துக்கு மனம் வந்திருக்காது.

மீண்டும் சின்னத்துக்கு வருகிறேன். தகவல் பட்டை, பட்டியல் எங்கும் ஐடிவி டிஜிட்டல்தான் இருந்தது. பழைய பெயர் எங்காவது எஞ்சியிருக்குமா என்று தேட, மென்பொருளைச் சேமித்து வைத்திருக்கும் ஃபிளாஷ் சில்லைக் கழற்றத் துணிந்தேன். இரு பக்கமும் 24 கால்களாக மொத்தம் 48 கால்கள் கொண்ட மெல்லிய சில்லு; கால்களுக்கிடையே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. சுற்றியிருந்த பாகங்களை வெப்பம் தாங்கும் நாடாவால் மூடி, ஃபிளக்ஸ் தடவி, வெப்பக் காற்றை வட்டமாகச் சுழற்றிக் காட்டினேன். ஈயம் மின்னத் தொடங்கியதும் இடுக்கியால் தூக்கினேன். முன்பு பெயர்ந்த செப்புத் தடம் நினைவில் இருந்ததால், இம்முறை சில்லு தானாக வழுக்கும்வரை கை வைக்கவில்லை. வாசிக்கும் கருவியில் வைத்து எடுத்தபோது 2 மெகாபைட் கோப்பு ஒன்று கிடைத்தது.

அந்தக் கோப்பை அப்படியே ஒரு படமாகக் கருதித் திரையில் விரித்தேன்: ஒரு பைட்டுக்கு ஒரு புள்ளி, ஒரு வரிக்கு இத்தனை புள்ளிகள் என்று அகலத்தை நாமே ஊகித்துக் கொடுப்பது. கோப்பின் பெரும்பகுதி மணலைக் கொட்டியதுபோல் சீரற்று இருந்தது. மென்பொருள் அங்கே சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தொடக்கத்தில், சுருக்கப்படாத துவக்க நிரல் இருக்கும் பகுதிக்குள், திடீரென்று ஒரு பட்டை மட்டும் மழைச்சாரல்போல் சாய்ந்த கோடுகளாகத் தெரிந்தது. அங்கே ஒரு படம் இருக்கிறது, நான் கொடுத்த அகலம்தான் தவறு. 150 என்று கொடுத்திருந்த அகலத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். 155இல் சாய்வு குறைந்தது, 158இல் எழுத்துகள் தள்ளாடி நின்றன, 160இல் நிமிர்ந்துவிட்டன. ஆனால் இரண்டு பக்கமும் பிடித்து நெரித்ததுபோல் ஒல்லியாகவும், ஓரங்கள் வாள்பல்லாகவும் இருந்தன. ஒரு பைட்டில் ஒரு புள்ளி அல்ல, இரண்டு புள்ளிகள்; அதாவது 16 நிறங்கள் மட்டும் கொண்ட படம்; உண்மை அகலம் 320. அதைச் சரிசெய்த பிறகும் பல் போகவில்லை. சில்லு 16 பிட் அகலத்தில் எழுதப்பட்டிருந்ததால், அடுத்தடுத்த பைட்டுகள் இடம் மாறிக் கிடந்தன. இரண்டிரண்டாக அவற்றை மாற்றி வைத்ததும், 320க்கு 128 என்ற அளவில், வெறும் 20,480 பைட்டில், கத்தியால் வெட்டியதுபோன்ற ஓரங்களுடன் அந்த இரண்டு பெரிய எழுத்துகளும் பின்னால் சிறிய எழுத்துகளும் எழுந்து நின்றன. ஆன்டிஜிட்டல்.

வேலையின் நுணுக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வரைந்தவர் மேல் மதிப்பு கூடியது. 16 நிறங்களில் நான்கை வளைவுகளின் ஓரத்தை மென்மையாக்குவதற்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறார். கிடைக்கோடு எதுவும் இரண்டு வரிகளுக்குக் குறைந்த தடிமனில் இல்லை. ஒற்றை வரியில் வரைந்தால், ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளைக் காட்டும் அந்தக் காலத் திரையில் அது விநாடிக்கு 25 முறை மின்னிக் கண்ணை உறுத்தும். கணினியில் வரைந்த சின்னத்தைச் சுருக்கி ஒட்டிய வேலை அல்ல இது. கண்ணாடிக்குழாய்த் திரைக்காகவே புள்ளி புள்ளியாகத் திருத்தியது.

நிறங்கள் இன்னும் ஊகமாகவே இருந்தன; கோப்பில் நிற அட்டவணை எது என்று என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. பெட்டியே இந்தப் படத்தைக் காட்டினால்தான் நிறம் தெரியும். துவக்க நிரல் இதை எப்போது காட்டும்? முதன்மை மென்பொருள் கெட்டுப்போய், புதியதைப் பதிவிறக்கக் காத்திருக்கும்போதாக இருக்கலாம் என்று நினைத்தேன். கோப்பின் நகலொன்றில், சுருக்கப்பட்ட பகுதியின் நடுவே ஒரே ஒரு பைட்டை மாற்றி, அதே வகைச் சில்லு ஒன்றை வாங்கி அதில் எழுதினேன். அசல் சில்லைத் தொடவில்லை. அது பஞ்சு வைத்த சிறு டப்பாவில் இருந்தது. புதிய சில்லைப் பற்றவைத்து, பூதக்கண்ணாடியால் 48 கால்களையும் சரிபார்த்து, பதிவைத் தொடங்கிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். மூன்று விநாடி கறுப்பு. பிறகு 2001க்கு முந்திய பெயர், நிறத்தோடு, சிறு நடுக்கமும் இல்லாமல் திரையின் நடுவில் வந்து நின்றது. அதன் கீழே, மென்பொருள் பெறப்படுகிறது, பெட்டியை அணைக்க வேண்டாம் என்ற ஆங்கில வரி.

அன்று மாலை ஐயாவை அழைத்துக் காட்டினேன். மேசையில் திறந்த வயிறோடு கிடந்த பெட்டியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நிறுவனம் மூடிய பிறகு, பெட்டியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள 39.99 பவுண்டு செலுத்துமாறு கலைப்பு அதிகாரிகள் வாடிக்கையாளர்களிடம் கேட்டது அவருக்கு நினைவிருந்தது; பின்னர் கார்ல்டனும் கிரானடாவும் தொகை கொடுத்து அந்தச் சுமையை நீக்கியது நினைவில் இல்லை.

“தம்பி, உவங்கள் உதை இனித் திருப்பிக் கேக்க மாட்டாங்கள்தானே?” என்றார்.

கேட்க ஆளில்லை என்றேன். திரையில் பெட்டி இன்னும் மென்பொருளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததால், அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை நான் அணைக்கவில்லை.